சுரங்கத்து நாய்

ஒரு துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமின் கடைசிச் சுரங்கத்தில் ஒரு நாய் இருந்தது. விளையாடுகிறவன் அங்கே வந்து சேர்ந்ததும் அவனுக்கு இரண்டு வழிகள் உண்டு. குரைத்துக் காட்டிக்கொடுப்பதற்குள் நாயைச் சுட்டுவிடலாம். இல்லை, நம்பி அதன் பின்னால் போகலாம்.

அவன் வந்தான். துப்பாக்கி முனை நாயின் நெற்றிக்கு நேராக நின்றது. ஆனால் அவன் சுடவில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு துப்பாக்கியைத் தாழ்த்தி, அதன் தலையைத் தடவிக்கொடுத்தான். நாய் அவனை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போனது. கதை சுபமாக முடிந்தது.

நாய்க்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அது அடங்குவதற்குள் மறுபடி அதே சுரங்கம். எதிரே அதே பூட்ஸ், அதே துப்பாக்கி.

"பார்த்தீங்களாண்ணே, என்னைத் தேடி வந்துட்டாரு!" என்று துப்பாக்கியிடம் சொன்னது நாய்.





"போன தடவை சுடாம நின்னாரே, எதுக்குன்னு நினைச்சே?" என்றது துப்பாக்கி.

"என்மேல இரக்கப்பட்டுத்தான்."

"திரும்ப இதே இடத்துலேர்ந்து ஆடலாம்னு ஆட்டத்தை சேவ் பண்ணிட்டிருந்தாருடா. நல்ல மனுஷன்தான், உன்மேல கோபமெல்லாம் இல்ல. சுட்டா கதை எப்படிப் போகும்னு பார்க்க வந்திருக்காரு."

நாய் ஓடப் பார்த்தது. கால் நகரவில்லை. கேமைச் செய்தவர்கள் இந்த இடத்தில் அதற்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு வேலைதான். விசையில் விரல் அழுந்துவதைப் பார்த்துக்கொண்டே அது வாலை ஆட்டியது.