கையாலயே மூடட்டும்

கபாலி கோபுரத்தைப் பார்த்தபடி சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடக் கப்ஸா கிடையாது.

அடையாறில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் பவுல்சாமி 'சி' மொழியில் எழுதிய புரோகிராமை, கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரப் புதிதாகப் போட்ட கம்பைலர் ஏற்க மாட்டேன் என்றது.

காரணம், மேற்கோள் குறி. மனிதர் ஒரு வரியில் திறந்தால் பத்து வரி தள்ளித்தான் மூடுவார். அடையாறில் திறந்து கொட்டிவாக்கத்தில் மூடுகிற மாதிரி! பழைய கம்பைலர் பொறுத்துக்கொண்டது. அப்புறம், 'இந்தப் பழக்கம் சீக்கிரமே செல்லாமல் போகும்' என்று எச்சரித்துப் பார்த்தது. புதுசு கறார்: 'அந்தந்த வரியிலேயே மூடு.'

மொத்தம் ஆயிரத்து எண்ணூறு இடம்.

பவுல்சாமிக்கோ முப்பதாம் தேதி ஓய்வு. அடுத்த மாதம் மனைவி ஆலிஸுக்கு இதய ஆபரேஷன்.

ஜூனியர் நிஷா மேனேஜர் வைதேகியிடம் ஓடினாள். "மேடம், சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டேன். பத்தே நிமிஷம், எல்லாத்தையும் அதுவே மூடிடும். சாரை நிம்மதியா அனுப்பிடலாம்."

வைதேகி நிமிரக்கூட இல்லை. "வேணாம். திறந்து விட்டவர் அவர்தானே? ஒவ்வொண்ணா கையாலயே மூடட்டும்."

"மூணு மாசம் ஆகுமே மேடம்!"

"ஆகட்டும். முடிக்கிறவரைக்கும் ரிட்டையர்மென்ட் கிடையாதுன்னு மேலயும் சொல்லியாச்சு."

பவுல்சாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியை மூடினார்.

கேன்டீனில் வறுத்தெடுத்தார்கள். "கல்லு மச்சி அது," என்றான் பிரபு. "வூட்ல ஆபரேஷன வெச்சிக்கினு கீறாரு பெரியவரு. அவரைப் போய் புழியுது பாரு!"

நிஷாவுக்குப் பொறுக்கவில்லை. லிஃப்டில் வைதேகியை மடக்கினாள். "ஆபரேஷன் நேரத்துல அவர் ஆலிஸ் ஆன்ட்டி பக்கத்துல இருக்க வேணாமா? மனசாட்சியே இல்லையா மேடம்?"

கதவு மூடியதும் வைதேகி குரலைத் தாழ்த்தினாள்.

"இருப்பார். அதுக்கு லீவு போட்டாச்சு. ஆனா உன் ஸ்கிரிப்ட் பத்து நிமிஷத்துல வேலையை முடிச்சா, முப்பதாம் தேதி அவர் வீட்டுக்குப் போகணும். அன்னிக்கே ஆபீஸ் இன்ஷூரன்ஸும் போயிடும். அப்புறம் ஆபரேஷனுக்கு யார்கிட்டடி போய் நிப்பார்?"

கீழ்த்தளம் வந்தது. நிஷா இறங்கவில்லை. மறுபடி மேலே போய் ஸ்கிரிப்டை அழித்தாள்.

லிஃப்டில் மூன்றாவதாக நின்றது யார் என்று கேட்காதீர்கள். நான் சொன்னதாக எவரிடமும் மூச்சு விடாதீர்கள். ஆபரேஷன் வருகிற புதன்கிழமைதான்.