அம்மாவின் உயரம்

“செருப்பைக் கழட்டிட்டு, முதுகு செவுத்துல ஒட்ட நில்லுங்கம்மா. தலைய நிமித்துங்க.”

மூன்றாவதாக நின்ற பெண்ணின் தலைக்கு மேல் சாக்பீஸால் கோடு விழுந்தது. தன் முறை வருவதற்குள் நழுவிவிடலாமா என்று முனீஸ்வரி கேட்டைப் பார்த்தாள். கேட் தூரத்தில் இருந்தது.

இத்தனைக்கும் அது காவல் நிலையமல்ல, தேனியில் ஒரு விளையாட்டு மைதானம். சென்னை விளையாட்டு விடுதி ஒன்றுக்குக் கூடைப்பந்து ஆடும் பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வந்திருந்த இம்மானுவேல் சாருக்கு ஒரு வழக்கம். பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்த கையோடு அம்மாக்களை அளப்பார்.

“பந்து போடச் சொல்லிக் குடுத்துரலாம். உயரத்த யாரும் சொல்லிக் குடுக்க முடியாது,” என்பார். “பன்னெண்டு வயசுப் பிள்ளை இன்னும் எவ்வளவு வளரும்னு அம்மாவைப் பார்த்தாத்தான் தெரியும்.”

முனீஸ்வரியின் மகள் விஜிக்குப் பன்னிரண்டு வயதில் ஐந்தடி ஏழங்குலம். ஆட்டம் சுத்தமாகத் தெரியாது. பந்தைத் தட்டாமலே நாலு எட்டு நடந்துவிடுவாள், விசில் ஊதினால் ஊதியவரையே திருதிருவென்று பார்ப்பாள்.

ஆனால் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து எங்கே விழும் என்பது மட்டும் அவளுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்தது. மற்றவர்கள் தாவுவதற்குள் பந்து அவள் கையில் இருக்கும். காலையிலிருந்து சாரின் பேனா அதைத்தான் குறித்துக்கொண்டிருந்தது.

முனீஸ்வரி நாலடி பத்தங்குலம். சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றுகிற அவள் வீட்டுக்காரர் வேல்பாண்டி அவளைவிட ரெண்டு விரற்கடை கூடுதல், அவ்வளவுதான்.

சற்று முன்புதான் கம்பம் ஊரிலிருந்து வந்த பிள்ளை ஒன்றின் தாளை சார் மடித்து ஓரமாக வைத்தார். ஆட்டத்தில் படுசுட்டி அது. “அம்மா ரொம்பக் குட்டை. பிள்ளை இதுக்கு மேல வளராது,” என்றார். தாயும் மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறப் போனார்கள்.

தன்னை அளந்தால் விஜிக்கும் அதே கதிதான். அளக்க வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்குத்தான் முனீஸ்வரியால் பதில் சொல்ல முடியாது.

விஜி அவள் பெற்ற பிள்ளை இல்லை.

தேவாரம் என்ற ஊரிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போன நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் ஜக்கம்மா, புருசனை இழந்தவள். கூரை இடிக்குமென்று குனிந்தே வருவாள், அவ்வளவு உயரம். மலைப்பாதையில் ஜீப் உருண்ட அன்று அவள் போய்ச் சேர்ந்தாள்.

எட்டு மாதக் கைக்குழந்தையை முனீஸ்வரி தூக்கிக்கொண்டாள். பிள்ளையின் காதில் யாரும் போட்டுவிடக் கூடாதென்று ஊரையே மாற்றிக்கொண்டாள்.

“இது யாரு சாயல்டி, தென்னங்கன்னாட்டம் வளருது?” என்று சின்னமனூர்த் தெருவில் கேட்டால், “எங்க தாத்தா உசரம்” என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். சோறு அப்படியே இருக்க, பூசணி வருசத்துக்கு வருசம் வளர்ந்துகொண்டே போனது.

போன வாரம் விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமென்று விஜி கேட்டாள். அதில் பெற்றவள் பேர் இருக்கிறது. “அது எங்கனயோ தொலைஞ்சு போச்சு ஆத்தா,” என்று சொல்லிவிட்டாள் முனீஸ்வரி. அது டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது.

விஜி மறுபேச்சில்லாமல் போனாள், பிறகு அதைக் கேட்கவே இல்லை. நல்லவேளை என்று இருந்தது முனீஸ்வரிக்கு.

நாலாவது தாய், ஐந்தாவது தாய். ஒவ்வொரு பேரைக் கூப்பிடும்போதும் அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். கடைசித் தாயையும் அளந்து முடித்தார்கள். அவளை மட்டும் கூப்பிடவில்லை. சார் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார்.

இந்தக் குட்டைச்சியை அளந்து என்ன ஆகப்போகிறதென்று பார்த்த மாத்திரத்திலேயே தள்ளிவிட்டார் போல. முனீஸ்வரிக்கு அதுவரை இருந்த பயம் போய் அதைவிடப் பெரிய பயம் வந்தது. பொய் சொன்னது அவள், அதற்குப் பலி பிள்ளையா?

ஓடிப்போய்க் கூடைக் கம்பத்துக்குப் பின்னால் அவரை மறித்தாள்.

“சார், என்னைய வச்சு எம்மகளக் கழிச்சுராதீக. அவ உசரம் என்கிட்ட இருந்து வந்ததில்ல. பெத்தவ வேற. அவ வாசல்ல குனிஞ்சுதான் நுழைவா.” மூச்சு வாங்கியது. “ஆனா விஜிக்கு மட்டும் இது தெரியக் கூடாது சார். தெரிஞ்சா என்னைய அம்மான்னு கூப்புடுவாளோ மாட்டாளோ. கும்பிட்டுக் கேக்குறேன், சொல்லிராதீக.”

இம்மானுவேல் சார் திரும்பி மைதானத்தைப் பார்த்தார்.

நடுக்கோட்டில் விஜி பந்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இவர்களையே பார்த்து நின்றாள். இத்தனை பேர் நடுவில் ஆடியபோது வராத பயம் இப்போது அவள் முகத்தில் இருந்தது.

சார் ஃபைலைத் திறந்தார். விஜியின் தாளில் சிவப்பு மையில் ‘தேர்வு’ என்று எழுதியிருந்தது. அதோடு சேர்த்துக் குத்தியிருந்தது, நாலாக மடித்த தடத்தோடு, அந்தப் பிறப்புச் சான்றிதழ்.

“காலையில இதக் குடுத்துட்டு அவளும் இதேதாம்மா கேட்டா, எங்கம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு.”