ஜெனரேட்டருக்கு ஒரு தகரம்

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், எச்சில் இலைத் தொட்டியின் பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர் கிடந்தது. கரண்ட் போனால் மட்டும்தான் அதற்கு வேலை. மற்ற நேரமெல்லாம், எப்போது கூப்பிடுவார்களோ என்று வெயிலிலும் மழையிலும் காத்துக் கிடக்கும்.

"தலைக்கு மேல ஒரு தகரம் போடுங்க" என்று பலமுறை கேட்டுவிட்டது.

"ஒரு மணி நேர வேலைக்காரனுக்குக் கூரை ஒரு கேடா?" என்றது உள்ளே சுவரில் சொகுசாக இருந்த மெயின் போர்டு.

"வேலைதான் ஒரு மணி நேரம். நனையிறது நாள் பூரா."

மின்விசிறிகள் கேட்டுக்கொண்டிருந்தன.

அன்று கொட்டுகிற மழையில், முகூர்த்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

"கிளம்புடா, சீக்கிரம்!" என்று கத்தியது போர்டு.

ஜெனரேட்டர் அசையவில்லை. "தகரம் வரட்டும், கிளம்புறேன்."

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

"பாத்தியா? நீ இல்லாமலே ஆச்சு. நாளைக்கே உன்னை எடைக்குப் போடுறேன்!" என்று சிரித்தது போர்டு.

ஜெனரேட்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தது. விளக்கெல்லாம் எரிந்தது. மாப்பிள்ளைக்கு வியர்த்து ஊற்றியது. விசிறி ஒன்றுகூடச் சுற்றவில்லை.

"உங்களுக்கு என்னடா கேடு?" என்று அலறியது போர்டு.

மணமேடைக்கு மேலிருந்த விசிறி சொன்னது: "முதல்ல வெளியே தகரத்தைப் போடுங்க."