மெழுகுக் கால்

கோரிமேட்டில் மாலை வகுப்புக்கான பஸ்ஸுக்கு நிற்கிறேன். சாய்ந்த வெயில் பெஞ்சின் மேல் விழுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் எங்கள் தெரு லூயிஸ் அதில் உட்கார்ந்திருக்கிறார். வலது முழங்காலுக்குக் கீழே வேட்டி தட்டையாகத் தொங்குகிறது. கால் குணமாக வேண்டி மாதா கோயிலில் வைப்பதற்கு வாங்கிய மெழுகுக் கால், மகள் லூர்துசெல்வியின் மடியில் இளகுகிறது. "இத தூக்கிப் போட்டுடட்டாப்பா?" என்கிறாள். "வேணாம்மா. பக்கத்துக் கட்டில் வேம்புக்குக் கால எடுக்கணுமான்னு நாளைக்குத்தான் சொல்வாங்க. அவன் பேருல வெச்சிடு." "அவருக்கு எடது காலுப்பா." "எந்தக் காலுன்னு மாதாவுக்குத் தெரியாதா?" அவர் சிரிக்கிறார் என்றுதான் நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு இல்லாத காலைச் சொறியக் குனிகிறார். விரல்கள் வேட்டியை மட்டும் பிடிக்கின்றன. லூர்துசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெழுகுக் காலின் மேல் வெயில் படாமல் தாவணியை இழுத்து மூடுகிறாள்.