கசங்காத சேலை

"கூட்டிக்கிட்டு வர்றேன்னுதானே போன? எங்கடி ஏசுதாசன் தம்பி?"

குருண் பஸ் நிலையத்தில் லூர்து மேரி தனியாக ஏறியதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் கேட்டாள். பாசாரில் வாங்கிய கருவாட்டுப் பொட்டலத்தை மடிக்கு மாற்றி இடம் விட்டாள்.

மேரி உட்கார்ந்து, கையிலிருந்த பையைக் காலடியில் தள்ளினாள்.

பிச்சையம்மாள் விடவில்லை. குனிந்து பையை விரித்தாள். புருஷனுக்காகக் காலையில் தேய்த்து வைத்த சட்டையும் பெல்பாட்டமும் மடிப்புக் கலையாமல் கிடந்தன.

"அட, பெல்பாட்டம் சிலுவார்! இதப் போட்டுக்கிட்டு வந்திருந்தா தம்பி நம்ம லயத்து ரோட்டையே கூட்டிப் பெருக்கியிருக்கும் லா."

மேரிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

"டாக்டர் விடலியா?"

அவருக்கு ஆளை அடையாளம் தெரிந்தால் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் போன தடவையே சொல்லியிருந்தார். தோட்டத்து லய வீடுகள் முழுக்க அது தெரியும்.

"என்னையே தெரியலன்னுட்டாருக்கா."

பிச்சையம்மாளின் முகம் விழுந்துவிட்டது. மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கட்டுன பொண்டாட்டியவா? மாரியாயி..."

பொய் இல்லை. அவர் அப்படித்தான் சொன்னார். மேரி இதைத்தான் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பஸ் டவுனைத் தாண்டியது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள்.

புத்தி பிசகிய பிறகு ஏசுதாசன் நடுச்சாமத்தில் பால் வெட்டும் கத்தியோடு கிளம்பிவிடுவார். அடுத்தவர் மர நிரையில் போய் பட்டையைக் கண்டபடி கீறிவைப்பார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து சத்தம் போடுவார்.

அதனால் மேரி தன் சேலைத் தலைப்பை அவர் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுப்பாள். அவர் புரண்டால் இவள் விழித்துக்கொள்வாள். விடியுமுன் கசங்கிய அதே தலைப்போடு பெரட்டில் பேர் கொடுக்க ஓடுவாள்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. தம்பி ஆஸ்பத்திரிக்குப் போன பெறவு ஒம் மூஞ்சி தெளிஞ்சு கெடக்கு. கண்ணுக்கடியில இருந்த கருப்பக்கூடக் காணோம்."

மேரி முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தலைப்பை இழுத்தாள். கஞ்சி போட்ட தலைப்பு கன்னத்தில் உரசியது.

அவரும் இதைத்தான் பார்த்தார்.

இன்று வார்டுக்கு வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, செவலைக் கோழி முட்டை விடுகிறதா என்று முதலில் விசாரித்தார். பிறகு அவள் தலைப்பை எடுத்து விரலால் நீவினார்.

"கசங்காம இருக்கே மேரி. இப்பல்லாம் நல்லா தூங்குறியா?"

தூங்குறேன் என்று சொல்லிவிட்டாள். யோசிக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டர் வந்தார். அவளைக் காட்டி, இது யார் என்று அவரிடம் கேட்டார்.

ஏசுதாசன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். தலைப்பை மெதுவாக அவள் மடியில் வைத்தார்.

"தெரியலங்களே."

டாக்டர் மேரியின் பக்கம் திரும்பினார்.

மேரி குனிந்து பையை எடுத்துக்கொண்டாள்.