வீட்டு சார்ஜ்

வீட்டில் இருந்த ஒரே பல்பைக் குப்புசாமி கழற்றி மாடத்தில் வைத்தான். அந்த ஹோல்டரில் சார்ஜர் பெட்டியின் ஒயரை மாட்டினான். பெட்டி உர்ரென்று உறுமியது.

கீழே மணைமேல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது, அவன் ஓட்டும் அம்பாசிடர் காரின் பேட்டரி.

கடையில் சார்ஜ் ஏற்றிவரச் சொல்லி முதலாளி வரதராஜன் மூன்று ரூபாய் கொடுத்திருந்தார். வீட்டிலேயே ஏற்றினால் கரண்டுக்கு நாலணா. மிச்சம் டிரைவருக்கு. பெட்டியும் ஓசி.

“வெளிச்சத்துக்கு இன்னா பண்றது?” என்றாள் தறியில் இருந்த அவன் மனைவி தில்லையம்மாள்.

“ஒரு பொழுது அரிக்கேன் வெச்சுக்கினு நெய்யேன்மே. நான் வாலாஜாபாத்ல அக்காவைப் பார்த்துட்டு காலைல மொத பஸ்ஸுக்கு வந்துடறேன்.”

அவள் நெய்துகொண்டிருந்ததும் வரதராஜன் கடைப் புடவைதான். காலையில் அது அதே காரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவேண்டும். உடல் முழுக்கக் கருநீலம், இன்னும் ஒரு முழம் பாக்கி. பிசகினால் கூலி போகும். பட்டின் விலையும் அவள் தலையில் விழும்.

ஐப்பசி மழை. மூன்று மணிக்கே வீடு இருட்டிவிட்டது.

தறியில் ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தது. கூடையில் கைவிட்டு, நூல் சுற்றிய அடுத்த தார்க்குச்சியை எடுத்துப் போட்டாள். நாலு விரல் அகலம் நெய்தபிறகுதான் சந்தேகம் வந்தது. அரிக்கேனைத் தூக்கிப் பிடித்தாள். எல்லாம் கறுப்பாகவே தெரிந்தது.

தார்க்குச்சியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள்.

கரும்பச்சை. போன புடவையில் மிஞ்சியது.

இழை இழையாகப் பிரிக்கவேண்டும், திரும்ப நெய்யவேண்டும். அரிக்கேன் வெளிச்சத்தில் நடக்கிற காரியமில்லை. புருஷனை வாய்விட்டுத் திட்டினாள். பெட்டி அதுபாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் குப்புசாமி வந்தான். வந்ததும் வராததுமாக மீட்டரைப் பார்த்தான். கிளம்பும்போது சுவரில் கரியால் எழுதிவைத்த எண்ணைத் தாண்டி ஒரு யூனிட்கூட ஓடவில்லை.

“பார்த்தியா! நாலணாகூட ஆவல. கடைக்காரன் கொள்ளையடிக்கிறான்!”

தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்கினான். பல்பை எடுக்க மாடத்தில் கைவிட்டவன் ‘ஆ’வென்று உதறினான்.

பல்பு சுட்டது.

தில்லையம்மாளின் கண்கள் சிவந்திருந்தன. அவள் மடித்த புடவையை அவன் கையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தான். கடைசி விரல் வரை நீலம்.

கொஞ்ச நேரம் விரலை ஊதிக்கொண்டு நின்றான். பிறகு பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

“யோவ் கைலாசம், இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கினு வாய்யா. வண்டி தள்ளணும். டீ செலவு என்னுது.”