நடுத்தெருவில் நின்ற வண்டில்

"கள்ளுத் தவறணைக்கு முன்னால வண்டில நிப்பாட்டினவனுக்கு நட்டஈடு ஒரு கேடா?"

கோயில் வண்ணக்கர் வினாயகமூர்த்தி இப்படிக் கேட்டதும் இரத்தினம்மாவுக்கு இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. கோயில் நிர்வாகம் மட்டுமல்ல, ஊர் வழக்கெல்லாம் தீர்த்து வைப்பவரும் அவர்தான். கோயில் முன்றலில் கூடியிருந்த சனமெல்லாம் அவளுடைய புருசன் நல்லரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தது.

அவன் வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி குனிந்து நின்றான்.

வண்ணக்கர் தன் கூடார மாட்டு வண்டிலை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். பின்னேரமானால் வட்டைக்குப் போய் வயல் பார்த்து வருவதற்குத் தானே ஓட்டிக்கொண்டு போவார். போன கிழமை அவருக்குக் காய்ச்சல். நல்லரத்தினத்தை அனுப்பினார். வந்தது வினை.

செட்டிபாளையத்துக்குப் போகும் தெருவில், தவறணைக்கு நேரே, வண்டில் சட்டென்று நின்றுவிட்டது. பின்னால் வந்த கார் 'படார்' என்று இடித்தது. நல்லரத்தினம் தூக்கியெறியப்பட்டுத் தெருவில் விழுந்தான். தோள் மூட்டு நொறுங்கிவிட்டது. இனி இந்தக் கை கலப்பை பிடிக்காது என்று வைத்தியம் பார்த்த பரியாரி சொல்லிவிட்டார்.

விதைப்புக் காலம். வீட்டில் மூன்று பிள்ளைகள். நட்டஈடு கிடைத்தால்தான் அடுப்பெரியும்.

கார்க்காரர் காத்தான்குடி மீராசாஹிப் முதலாளி. முஸ்லிம் பெரியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'காக்கா', அண்ணன். ஏமாற்றுகிற மனிதரல்ல. நேரிலேயே வந்திருந்தார்.

"இடிச்சது என்ட கார்தான். இல்லையெண்டு நான் சொல்லல்ல. ஆனா நடுத்தெருவில என்னத்துக்கு நிப்பாட்டின தம்பி? அதைச் சொல்லு."

"நான் நிப்பாட்டல்ல காக்கா. மாடு தானா நிண்டிட்டு."

"ஏன், மாட்டுக்குக் கள்ளு விடாயோ?" என்றார் வண்ணக்கர்.

சனம் கொல்லென்று சிரித்தது.

இரத்தினம்மாவுக்கு மானம் போயிற்று. இனிமேல் கள்ளைத் தொடுவதில்லை என்று ஊர் ஆம்பிளைகள் எல்லோரையும் அம்மனுக்கு முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவைத்தவர் வண்ணக்கர். அந்தக் கூட்டத்தில் நல்லரத்தினமும் ஒருவன். சாமிக்குச் செய்த சத்தியத்தையா மீறினான் இந்த மனிசன்? தவறணைக்காரனைக் கேட்டால், தான் ஒன்றும் காணவில்லை என்று கையை விரிக்கிறான்.

அவள் புருசனுக்குப் பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"குடிக்கத்தான் நிப்பாட்டின எண்டா அதையாவது சொல்லித் துலைங்க."

"உன்ட தாலி மேல ஆண புள்ள, நான் கயித்தத் தொடவேயில்ல."

அவன் கண் கலங்கியது. பரியாரி எலும்பை இழுத்துக் கட்டியபோதுகூட அழாதவன்.

வண்ணக்கர் தீர்ப்புச் சொன்னார். "முதலாளி ஒண்டும் குடுக்கத் தேவையில்ல. உடைஞ்ச என்ட வண்டிலுக்கு இவன்தான் நட்டஈடு தரவேணும். பொஞ்சாதிட வளவில நிக்கிற தென்னை எல்லாம் இந்த வருசம் எனக்கு."

இரத்தினம்மாவுக்குத் தாய் சீதனமாகக் கொடுத்த வளவு அது. கை போனவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வாயா இது?

எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, கத்திவிட்டாள்.

"மாடு தானா நிண்டதெண்டு இந்த மனிசன் சொல்றாரே! அப்ப அந்த மாட்டையே பூட்டி விட்டுப் பாருங்க!"

"மாட்டிட்ட சாட்சி கேக்கிற காலமும் வந்திட்டா?" என்று வண்ணக்கர் சிரித்தார். சனமும் சேர்ந்து சிரித்தது.

மீராசாஹிப் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"புள்ள சொல்றது நியாயம். நானே ஏறி இருக்கிறன். தவறணையில குடிக்க நிப்பாட்டினதெண்டு என்னை ஒருத்தரும் சொல்லமாட்டாங்கதானே?"

அதற்கு மறுபேச்சு ஏது? காத்தான்குடிக் காக்கா கள்ளுக்கு இறங்கினார் என்றால் குழந்தைகூட நம்பாது.

"வெயிலுக்குள்ள மாடு களைச்சிடும்..." என்று வண்ணக்கர் இழுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

பின்பலகை உடைந்த அதே வண்டில். அதே சோடி மாடு. மீராசாஹிப் ஏறி உட்கார்ந்தார். கயிற்றை மாட்டின் முதுகில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் எல்லோரும் காண உயர்த்திக்கொண்டார்.

சலங்கை குலுங்க வண்டில் புறப்பட்டது. பின்னால் ஊர் நடந்தது. இரத்தினம்மா அம்மனுக்கு நேர்ந்துகொண்டே நடந்தாள். நிற்காமல் போய்விட்டால் தென்னையும் போச்சு, புருசனின் பேரும் போச்சு.

கிணற்றடி தாண்டியது. மடத்தடி தாண்டியது. மாடுகள் தங்கள் பாட்டில் நடந்தன.

தவறணை வந்தது.

மாடுகள் சட்டென்று நின்றன. நின்றது மட்டுமா, பழகிய வீட்டுக்கு வந்தது மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, தவறணையின் கிடுகு வேலிப் பக்கமாகத் திரும்பி அசையாமல் நின்றுகொண்டன.

"அல்லாஹ்!" என்றார் மீராசாஹிப், உயர்த்திய கையை இறக்க மறந்து.

சனத்தின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கட்டின புருசனையே சந்தேகப்பட்டேனே என்று இரத்தினம்மா போய் அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம், சலங்கைச் சத்தம் கேட்டு, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தவறணைக்காரன் குரல் கொடுத்தான்.

"இறங்காதீங்க வண்ணக்கரையா, ஆரும் கண்டிடுவாங்க! எப்பவும்போல நானே வண்டிலுக்குக் கொண்டு வாறன்!"